பொன்னாடையைக் காட்டினீர்கள், வரவு செலவையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சங்கங்கள் தங்கள் மாநாட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அதில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் எதைக் காட்டுகிறார்கள், எந்த இடம் வந்ததும் நிறுத்துகிறார்கள் என்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் மாநாடு சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் இருப்பது ஏற்காட்டைத் தாண்டி நாகலூர் பக்கம். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போய், நாள் முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலப் பனியில் திரும்ப ஏறி வருவது முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு ஆகிற காரியமில்லை. அதனால் மலையில் இருக்கிற உறுப்பினர்கள் சிலர் ஒரே வீட்டில் கூடி யூடியூபில் பார்த்தோம். கொடியேற்றம், வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை என்று மதியம் வரை எல்லாமே வந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம் பொதுச்செயலாளர் அறிக்கை, பொருளாளரின் வரவு செலவு, அதன் மீது பிரதிநிதிகள் விவாதம் என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தது. பொருளாளர் ஃபைலைப் பிரித்து மைக் முன்னால் வந்து நின்றார், ஒரு வரி படித்தார், அத்தோடு நேரலை முடிந்துவிட்டது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். நிர்வாகி ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டால், "அது உள் விஷயம் சார், ஊரே பார்க்கிற இடத்தில் எப்படிப் போட முடியும்?" என்கிறார்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. மாநாடு என்பதே அந்த மதிய அமர்வுதான். 70 வயதானவர்களுக்கு 10 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம் வேண்டும் என்ற கோரிக்கையை அடுத்து எப்படிக் கொண்டு போகப் போகிறார்கள், மருத்துவக் காப்பீட்டில் பணம் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் அலைகிறவர்களுக்குச் சங்கம் என்ன செய்தது, நாங்கள் கட்டிய சந்தா எதற்குச் செலவானது, இதெல்லாம் பேசுகிற இடம் அதுதான். வாழ்த்துரையைப் பார்க்காவிட்டால் எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விவாதத்தைப் பார்க்காவிட்டால் நாங்கள் வெறும் சந்தாதாரர்கள், அவ்வளவுதான். அதிலும் மண்டபத்துக்கு வர முடியாதவர்கள் யார்? படுக்கையில் இருக்கிறவர்கள், கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள், மலையில் இருக்கிறவர்கள். சங்கத்தின் உதவி அதிகம் தேவைப்படுகிறவர்களும் இவர்களேதான்.

உள் விஷயம் என்கிறார்களே, நாட்டில் எது வெளியே வரவில்லை? மக்களவை நடப்பதைக் காட்ட 2006-லேயே தனித் தொலைக்காட்சி வந்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பரிலிருந்து நேரலையில் வருகின்றன. நம் சட்டமன்றத்தில் கேள்வி நேரத்தை 2022 ஜனவரியில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். கொரோனா சமயத்தில் கம்பெனிகள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையே காணொலியில் நடத்த மத்திய அரசு அனுமதி கொடுத்தது, பங்கு வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே கேள்வி கேட்டார். சந்தா கட்டுகிற உறுப்பினருக்கு அந்த உரிமை கிடையாதா?

சேலம்காரர்களுக்கு மாநாடு என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1944 ஆகஸ்டில் இதே ஊரில்தான் அண்ணாதுரை தீர்மானம் நிறைவேறி நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. அந்தப் பந்தலில் நடந்ததை, இருந்தவர்கள் எழுதி வைத்ததால்தான் நாம் தெரிந்துகொள்கிறோம். அன்றைக்கு வசதி இல்லை. இன்றைக்குப் பையில் இருக்கிற போனே போதும் என்கிறபோது, கேமராவை நாமே அணைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வெளியாட்கள் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. விவாதத்தில் ஒருவர் கோபத்தில் சொன்ன வார்த்தையை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கு இணைப்பு கையில் இருப்பவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி வைக்க யூடியூபிலேயே வழி இருக்கிறது. அந்த இணைப்பும் கைமாறும் என்றால், பெயரையும் உறுப்பினர் எண்ணையும் சரிபார்த்து உள்ளே விடுகிற காணொலிக் கூட்டமாக வைக்கலாம். ஓட்டெடுப்பு பிரதிநிதிகளுக்குள்ளேயே நடக்கட்டும், அதில் நாங்கள் தலையிட வரவில்லை. கேள்வி அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண் கொடுத்தால் போதும். நேரலை சில நொடிகள் பிந்தி வருவதால், கேள்விகளுக்கென்று கடைசியில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிவிட்டால் குழப்பம் இருக்காது.

செலவும் பெரிதாக ஒன்றும் ஆகாது. படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வோம், சத்தம் மட்டும் சரியாக வர வேண்டும். காலையிலேயே சில பேச்சுகளில் மின்விசிறி இரைச்சல்தான் கேட்டது, ஏனென்றால் போனை மண்டபத்தின் கடைசியில் ஸ்டாண்டில் வைத்து, அதன் மைக்கிலேயே பிடித்திருக்கிறார்கள். மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்துக் கொடுத்திருந்தால் மேடையில் பேசுகிறவர் காதோரம் பேசுகிற மாதிரி கேட்டிருக்கும். விவாதத்தில் கீழேயிருந்து எழுந்து பேசுகிறவர்களுக்கும் கையில் ஒரு மைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் மட்டும் கேட்கும், கேள்வி கேட்காது. நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் நல்ல படமே கிடைக்கும், மணிக்கு ஏறத்தாழ 1.8 ஜிபிதான் ஆகும். ஆனால் மண்டபம் நிறைய ஆளும் போனுமாக இருக்கும்போது டவரை நம்பக் கூடாது, பிராட்பேண்ட் வயரை நேராகச் செருகிவிட வேண்டும். புது சேனல் என்றால் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், போனிலிருந்து ஒளிபரப்ப அந்தச் சேனலைக் குறைந்தது 50 பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்க வேண்டும், அதனால் மாநாட்டன்று காலையில் ஆரம்பித்தால் நடக்காது. இடைவேளையில் சினிமாப் பாட்டு போட வேண்டாம் என்று மைக் செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும், காப்புரிமை என்று நேரலையே நின்றுபோகக்கூடும். 12 மணி நேரத்துக்குள் முடிகிற நேரலை தானாகவே பதிவாகிவிடுகிறது, அதை அழிக்காமல் வைத்தால் அன்றைக்குக் கரண்ட் இல்லாதவர்கள் மறுநாள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் சங்கம் மட்டுமில்லை, சேலத்தில் மாநாடு நடத்துகிற எல்லாச் சங்கங்களும் இதை யோசிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் நிர்வாகிகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய மதிய அமர்வை வீடியோகாரர் முழுதாகப் பிடித்து வைத்திருக்கிறார் என்று மண்டபத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதை அப்படியே, வெட்டாமல், உறுப்பினர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
நாகலூர், ஏற்காடு.