அணைந்த பிறகுதானே டீச்சர் ஏறியது?

அன்பு மகளே,

மூன்றாம் வகுப்புக்கு அறிவியலையும் நீயே எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாமே. "எனக்குத் தெரியாததை யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வேன் அம்மா?" என்று தொலைபேசியில் கேட்டாய். இரவெல்லாம் அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் நின்றவள் நான். அவசரமாக இரண்டு வார்த்தையில் ஆறுதல் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் காற்றைப் பற்றிய பாடம். தட்டில் நீர் ஊற்றி, நடுவே மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தேன். சுடர் அணைந்தது. குவளைக்குள் நீர் ஏறியது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்துவிட்டது, அந்த இடத்தை நீர் நிரப்பிவிட்டது" என்று பாடநூலில் இருந்தபடியே சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். சாதாரணமாக வாய் திறக்காதவன். "எரியும்போது நீர் அவ்வளவாக ஏறவில்லையே? அணைந்த பிறகுதானே டீச்சர் மளமளவென்று ஏறியது?" என்றான். "புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படி" என்று சொல்லி அவனை உட்கார வைத்துவிட்டேன். அந்த ஆண்டு முடியும்வரை அவன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

அவன் பார்த்ததுதான் சரி. சுடரின் சூட்டில் காற்று விரிகிறது. அதில் கொஞ்சம் குவளையின் விளிம்பு வழியே குமிழியாக வெளியேறியும் விடுகிறது. சுடர் அணைந்ததும் மிஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்குகிறது. அப்போது வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்குள்ளாகவே சுடர் அணைந்துவிடுகிறது. செலவானதில் பெரும்பகுதிக்கு ஈடாகக் கார்பன் டைஆக்சைடும் சேர்ந்துவிடுகிறது. அதே குவளைக்குள் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கவிழ்த்துப் பார், நீர் இன்னும் உயரமாக ஏறும். குவளையில் இருக்கும் ஆக்சிஜன் என்னவோ அதேதான்! இதெல்லாம் எனக்கு விளங்கியபோது அந்தப் பையன் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. என் மேசை இழுப்பறையில் அன்றைக்கு இன்னும் இரண்டு மெழுகுவர்த்திகள் இருந்தன. "தெரியவில்லையடா, இதையும் ஏற்றிப் பார்ப்போம் வா" என்று அவனைக் கூப்பிட்டிருக்கலாம். இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது.

ஆகவே தெரியாத கேள்வி வந்தால் கலங்காதே, "எனக்கும் தெரியவில்லை" என்று வாய் திறந்து சொல். ஆனால் அதோடு விட்டுவிடாமல், எதைச் செய்து பார்த்தால் தெரியும் என்று அவர்களையே கேள். சோதனை என்பது புத்தகத்தில் உள்ள வரிக்குச் சாட்சி சொல்ல வருவதில்லை.

அடுத்த வாரம் வெப்பம் என்றாயே, அதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரே அளவில் இரண்டு பனிக்கட்டிகளைத் தனித்தனி சிறு பைகளில் போட்டுக் கட்டு. ஒன்றைத் தட்டில் திறந்து வை. மற்றொன்றைக் கம்பளிச் சட்டையில் நன்றாகச் சுற்றி வை. எது முதலில் உருகும் என்று கை தூக்கச் சொல்லி, எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிவிடு. பெரும்பாலோர் கம்பளியில் இருப்பதைத்தான் சொல்வார்கள். கம்பளி சூடு தரும் என்பது அவர்கள் உடம்பால் அறிந்தது, முட்டாள்தனமல்ல. அந்த நேரத்தில் உன் முகத்தைக் கவனமாக வைத்துக்கொள். பனிக்கட்டியை விட்டுவிட்டு டீச்சரின் புருவத்தைப் படிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அரை மணி நேரம் கழித்துப் பிரித்துக் காட்டு. திறந்து வைத்தது பாதி கரைந்திருக்கும். கம்பளிக்குள் இருந்தது கட்டியாகவே இருக்கும். உடனே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதே. யாராவது ஒரு பிள்ளை "கம்பளி குளிரையும் பிடித்து வைக்கிறது" என்று சொல்லும். அன்றைக்கு அது போதும். மறுநாள் யாரும் போடாத கம்பளிச் சட்டைக்குள் வெப்பமானியை வைத்து, அறையின் வெப்பநிலையும் அதுவும் ஒன்றே என்று அவர்களையே படித்துப் பார்க்கச் சொல். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை, அதன் போக்குவரத்தைத்தான் தாமதப்படுத்துகிறது என்று அப்போது சொன்னால் நிற்கும். கடத்தி, கடத்தாப்பொருள் என்ற பெயர்களுக்கு அவசரமில்லை.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அளந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி அமைதி வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும். மனத்துக்குள் எண்ணிக்கொள்.

செடி மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல். 17ஆம் நூற்றாண்டு விஞ்ஞானி. 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டைத் தாண்டியது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். செடி காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எடை போட்டது சரி, விளக்கம்தான் பாதி தவறு. இந்தப் பாதியையும் மறைக்காமல் சொல். அவ்வளவு பெரியவருக்கே தவறலாம் என்றால், தன் ஊகம் தவறிய பிள்ளை அடுத்த முறையும் கை தூக்கும்.

பனிக்கட்டியைப் பிரித்த அன்றே எனக்கு எழுது. கம்பளிக்கு எத்தனை கைகள், தட்டுக்கு எத்தனை கைகள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடைசி வரிசை என்ன சொன்னது என்பதையும் எழுது.

அன்புடன்,
அம்மா