பெரிய வீட்டைக் காட்சிக்குத் திறக்கப்போகும் பங்காளிகளுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டை அருங்காட்சியகமாக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கும் பங்காளிகளுக்கு வணக்கம்.

கண்ணாடி அலமாரிக்கு முன்பணம் கொடுக்குமுன், வட கிரேக்கத்தின் கவாலா துறைமுகத்தில் இருக்கும் புகையிலை அருங்காட்சியகத்தை ஒருதரம் பார்த்துவிடுங்கள். புகையிலைக்கும் நமக்கும் என்ன என்று கேட்பீர்கள். சரக்குதான் வேறு. கடல் வியாபாரத்தில் எழும்பிய ஊர், வியாபாரம் போனபின் கட்டடங்களோடு நிற்கிறது. ஹெர்சாக் என்ற ஹங்கேரிப் புகையிலை வியாபாரியின் மாளிகையில்தான் இன்று அந்த ஊர் நகராட்சி நடக்கிறது.

ஆனால் அருங்காட்சியகம் மாளிகைப் பெருமை பேசவில்லை, வேலையைக் காட்டுகிறது. வயல் கருவிகள், கிராமத்துப் பதப்படுத்தல், கிட்டங்கி (சரக்குக் கிடங்கு) வேலை என்று பயிரிலிருந்து பொதி வரை போகிறது. ஒரு கிராமில் பத்தாயிரம் விதை தேறும் பயிர் அது. இலையை அடியிலிருந்து, பழுக்கப் பழுக்க, வெயில் ஏறுமுன் கையால் கிள்ளுவார்கள். நீண்ட ஊசியால் காம்பில் குத்திக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்துவார்கள். கிட்டங்கியில் தரையில் உட்கார்ந்து அளவு, நிறம், சேதம் பார்த்து ஒவ்வொரு இலையாகப் பிரிப்பார்கள். பிரித்தவர்களில் பெண்கள் ஏராளம். இலை மொறுமொறுவென்று காய்ந்திருந்தால் கையிலேயே நொறுங்கும். ஈரம் மிஞ்சினால் பொதிக்குள் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பதம் அறிந்த தொழிலாளர்கள்தான் 1914-இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் செய்தவர்கள்.

நம் பக்கம் திறந்திருக்கும் வீடுகளில் என்ன காட்டுகிறார்கள்? பட்டாலைக் கூடத்தில் ஐயாக்களின் படம், பெல்ஜியம் கண்ணாடி, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல். அத்தோடு சரி. கொண்டுவிக்கப் போனவர், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போன செட்டியார், அங்கே போய் என்ன செய்தார் என்று தெரியாமலே ஆள் வெளியே வருகிறார்.

முகப்பில் ஒரு பெட்டியடியை, அதாவது கடன் கொடுத்துக் கணக்கு எழுதிய இடத்தை, அப்படியே அமையுங்கள்: சாய்வு மேசைப்பெட்டி, குறிப்பு (அன்றாடக் கணக்கு), பேரேடு (ஆள்வாரிக் கணக்கு). ஏஜெண்டு, அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் யார் யார், மூன்று வருஷக் கணக்கு (ஏஜெண்டு அங்கே இருந்த தவணை) என்றால் என்ன என்று எழுதி வையுங்கள். ஒரே ஒரு கடனை எடுத்து, குறிப்பில் ஏறிய வரி பேரேட்டுக்குப் போய், வட்டி சேர்ந்து, எப்படி முடிந்தது என்று நகல் எடுத்துக் காட்டினால் பத்துத் தூணுக்குச் சமம். கசப்பானதையும் மறைக்க வேண்டாம். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், நெல் விலை விழுந்து, குடியானவர்களுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போனதில், 1938-இல் 25 சதவீதமானது. பர்மியக் குடியானவன் இல்லாத பர்மாக் காட்சி அரைக் காட்சிதான்.

இனி பழைய கணக்கு ஏடுகளைப் பாதுகாப்பது. லாமினேஷன் வேண்டவே வேண்டாம். பிரிக்க முயன்றால் தாளும் போகும். செல்லோ டேப்பும் அப்படியே, பசை மஞ்சளாகிக் கறையாக இறங்கும். பூச்சி தெரிந்தால் மருந்தடிக்காமல், பாலித்தீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கப் பைக்குள்ளேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்து மை கரையும். ஓலையையும் தோல் அட்டைகளையும் இதில் சேர்க்காமல், தெரிந்தவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள். வளவு (உள்முற்றம்) வெயில் எட்டும் இடத்தில் அசல் எதுவும் வேண்டாம், நகல் போதும்.

முன்பணம் கொடுத்தே விட்டீர்களென்றால், அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஓதம் அந்தச் சுவர் வழியாகத்தான் வரும்.

இப்படிக்கு,
செட்டிநாட்டுப் பழம்பொருள் பாதுகாப்பு வேலை செய்வோர்