விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டுப் போன உங்கள் சர்வீஸ் ஆள் குறித்துப் புகார்

கடலூர், மஞ்சக்குப்பம்
12-11-2025

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, புதுச்சேரி

ஐயா,

வணக்கம். இது என் ஐந்தாவது புகார். முதல் மூன்றைப் போனில் சொன்னேன், நான்காவதை மெயிலில் அனுப்பினேன். அதற்கு “உங்கள் மேலான கருத்துக்கு நன்றி” என்று பதில் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை ஐயா. என் கம்ப்யூட்டர் போச்சு என்றுதான் எழுதியிருந்தேன்.

நவம்பர் 1 சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. “சனிக்கிழமை கண்டிப்பா ஓபன் மேடம், சிபியூவை எடுத்துட்டு வந்துடுங்க” என்று உங்கள் கால் சென்டரில் சொன்னார்கள். வீட்டுக்கே வந்து பார்ப்பதாகத்தான் நம் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம். சரி, நம் அவசரம் என்று சிபியூவைப் பழைய புடவையில் சுற்றி, அதன் மேல் அரிசிச் சாக்கைப் போட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார். கிருமாம்பாக்கம் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் ஒழுகிய தண்ணீரை முந்தானையால் துடைத்தபடியே போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் உங்கள் கடைக்கு வந்தால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர்தான் சொன்னார்: “இன்னிக்கு விடுதலை நாள்மா. புதுச்சேரி முழுக்க லீவு.”

1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைமாற்றிக் கொடுத்த நாள். எங்கள் கடலூரில் அன்று லீவு கிடையாது, அதனால் எனக்கு ஞாபகம் வரவில்லை. புதுச்சேரியிலேயே கடை வைத்திருக்கும் உங்களுக்குமா ஞாபகம் வராது?

இனி நடந்ததற்கு வருகிறேன். நான் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, காலேஜ் பிள்ளைகளின் ப்ராஜெக்ட். அக்டோபர் 9 அன்று தெரிந்த வாடிக்கையாளர் பெயரில் “பத்திரிகை மேட்டர்” என்று ஒரு ஜிப் ஃபைல் வந்தது. உள்ளே பார்த்தால் பிடிஎஃப் மாதிரியே படம் போட்ட ஒரு ஃபைல். தட்டினேன். நான் எப்போதும் பயன்படுத்துவது குரோம் ப்ரவுசர். ஆனால் திறந்ததோ பழைய நீல “இ” எழுத்து, மைக்ரோசாஃப்டின் பழைய ப்ரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்! ஏதோ திறக்கவா என்று கேட்டது, ஆமாம் என்று கொடுத்துவிட்டேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் ப்ரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு எதுவும் என் கையில் இல்லை. என் மெயிலிலிருந்து எல்லோருக்கும் “அவசரம், பணம் அனுப்புங்கள்” என்று போயிருக்கிறது.

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் என் அண்ணன் மகள் போனிலேயே அந்த ஃபைலைப் பார்க்க வைத்தாள். படத்தின் இடது கீழ்மூலையில் கடுகளவு ஒரு வளைந்த அம்பு. ப்ராப்பர்ட்டீஸில் பிடிஎஃப் என்று இல்லை, “இன்டர்நெட் ஷார்ட்கட்” என்று இருக்கிறது, அதாவது தட்டினால் ஒரு இணைய முகவரிக்குக் கொண்டுபோகும் ஃபைல். “அத்தை, இந்த மாதிரி ஷார்ட்கட் எக்ஸ்ப்ளோரரைத் திறக்கிற ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலை 9-ஆம் தேதி அப்டேட்லயே அடைச்சுட்டான். உங்க சிஸ்டத்துல எப்படி வந்துச்சு?” என்றாள். அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்தோம். கடைசியாக ஏறியது 2024 மார்ச்.

அந்த மார்ச்சில்தான் உங்கள் ஆள் வீட்டுக்கு வந்தார். அவர் கையெழுத்திட்ட ஜாப் ஷீட் என்னிடம் பத்திரமாக இருக்கிறது: “சிஸ்டம் ஸ்லோ. விண்டோஸ் அப்டேட் டிஸேபிள் செய்யப்பட்டது. கஸ்டமர் ஓகே.” நான் எங்கே ஓகே சொன்னேன்? காபி வேண்டுமா என்று கேட்டேன், அவ்வளவுதான். மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிற பாதுகாப்பு அப்டேட்டை ஒன்றரை வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்துவிட்டு, “இன்டர்நெட் பாதுகாப்பு உட்பட” என்று அட்டையில் அச்சடித்து என்னிடம் வருஷா வருஷம் 3,200 ரூபாய் வாங்கியிருக்கிறீர்கள்.

அடுத்தது அக்டோபர் 22 அன்று போனில் பேசிய அந்தத் தம்பி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. “ஆன்ட்டி, எக்ஸ்ப்ளோரர் செத்துப் போச்சு. நீங்க குரோம்தானே யூஸ் பண்றீங்க, அப்புறம் என்ன பயம்? வீட்ல பசங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க” என்றார். எனக்கு வயது 52. இந்தத் தொழிலில் 20 வருஷம் இருக்கிறேன். எக்ஸ்ப்ளோரருக்கு 2022 ஜூன் 15-இல் ஆதரவு முடிந்ததும், 2023 பிப்ரவரியில் விண்டோஸ் 10-இல் அதை அணைத்ததும் எனக்கே தெரியும். ஆனால் இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் அதன் எஞ்சின் விண்டோஸுக்குள்ளேயே இன்னும் இருக்கிறது. பழைய தளங்களுக்காக மைக்ரோசாஃப்டின் புது ப்ரவுசரான எட்ஜுக்குள் அதை வைத்திருக்கிறார்கள். அதனால் குரோம் மட்டும் பயன்படுத்தினாலும் வேறு ஃபைல் வழியாக அதை எழுப்ப முடியும். இதைச் சர்வீஸ் கம்பெனிக்கு ஒரு டிடிபி ஆள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. கடைசியில் அவர் கொடுத்த தீர்வு, “விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சு, புது சிஸ்டம் வாங்கிக்கோங்க.” அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது உண்மைதான். ஆனால் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வருமே, அதை ஏன் சொல்லவில்லை?

என் இருபது வருஷப் பேர் போச்சு ஐயா. எத்தனை லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. நான் கேட்டதாக நினைத்து ஒரு வாடிக்கையாளர் 4,500 ரூபாய் அனுப்பிவிட்டார். அதை என் கையிலிருந்து கொடுத்தேன். சைபர் குற்ற உதவி எண் 1930-இலும் புகார் பதிந்திருக்கிறேன்.

தயவுசெய்து வீட்டுக்கே ஒரு விவரமான ஆளை அனுப்பி, டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, அப்டேட்டைத் திறந்துவிட்டு, அந்தக் கூடுதல் ஓராண்டுக்கும் பதிவு செய்து கொடுங்கள். இரண்டு வருஷப் பராமரிப்புப் பணத்தையும், அந்த 4,500-ஐயும், நவம்பர் 1 பயணச் செலவையும் திருப்பித் தாருங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். உங்கள் அலுவலகம் புதுச்சேரியில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போடலாம், சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆள் வருவதானால் காலை 10 மணிக்கு மேல் வரட்டும். மார்ச்சில் வந்தவரை மட்டும் அனுப்ப வேண்டாம். ஜாப் ஷீட் நகலையும் லக்கேஜ் டிக்கெட்டையும் இணைத்திருக்கிறேன். டிக்கெட் மழையில் நனைந்துவிட்டது, ஆனால் தேதி தெரிகிறது.

இப்படிக்கு,
உங்கள் வருடாந்திரப் பராமரிப்பு வாடிக்கையாளர்