நடவுப் பெண்களுக்கு வேலை நடக்கும் இடத்திலேயே வாய்ப் பரிசோதனை கோரி மனு

அனுப்புநர்
நடவு, களை வேலை செய்யும் பெண்கள்,
நன்னிலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருவாரூர்.

பொருள்: புகையிலை போடும் பெண்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய்ப் பரிசோதனை நடத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களில் பலர் இடுப்புச் சுருக்குப்பையில் வெற்றிலை, சீவல், சுண்ணாம்போடு புகையிலையும் வைத்திருப்போம். காலையில் சேற்றில் இறங்கினால் குனிந்த முதுகு நிமிர மதியம் ஆகிவிடும். கொஞ்சம் புகையிலையை அடக்கிக்கொண்டால் பசி தெரியாது, பல்வலியும் தெரியாது. கூலியோடு வெற்றிலை பாக்குக்கென்று தனியாகக் காசு கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இன்னும் உண்டு. பீடி பிடிக்கிற ஆணைத் திட்டுவார்கள். புகையிலை அடக்கிய கிழவியை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மனுவை எழுதும் என்னுடைய மாமியாரும் அப்படித்தான். நாற்பது வருடமாக இடது கன்னத்தில்தான் அடக்குவார். புண் வந்ததும் அதே இடத்தில்தான். சூட்டுப்புண் என்று விட்டுவிட்டோம். மருந்துக்கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தார்கள், நாலு மாதம் ஓடிப்போனது. முதலில் காரம் தாங்கவில்லை, அப்புறம் சோறு மெல்ல முடியவில்லை, கழுத்தில் நெறி கட்டியது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எலும்பு வரை பரவியிருந்தது. பாதித் தாடையை எடுத்துவிட்டார்கள். இப்போது கஞ்சிதான். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்பதுதான்.

அவர் சொல்லித்தான் விவரம் தெரிந்தது. புகையிலையைப் பதப்படுத்தும்போது நைட்ரோசமைன் என்ற நச்சுகள் உண்டாகின்றன. அடக்கி வைக்கும் இடத்தில் அந்தச் சாறு மணிக்கணக்கில் ஊறுகிறது. சுண்ணாம்பு சேர்ந்தால் நிகோடின் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். விட நினைத்தாலும் விட முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். சாற்றை விழுங்குவதால் தொண்டைக்கும் உணவுக்குழாய்க்கும்கூட ஆபத்து. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் லேசுப்பட்டதல்ல. வாய் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாமல் போவது பாக்கால் வருவது. கும்பகோணத்து வெற்றிலைக்குப் பேர்போன பகுதியில் இருந்துகொண்டு இதை எழுத எங்களுக்கே சங்கடம்தான். ஆனால் நாங்கள் குறை சொல்வது வெற்றிலையை அல்ல, அதில் வைத்து மடிப்பதை.

2016-17-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், புகைக்கும் பெண்கள் 2 சதவீதம். மெல்லும், அடக்கும் புகையிலை போடும் பெண்கள் 12.8 சதவீதம். அப்படியிருந்தும் எங்கள் ஊர்ச் சுவரில் ஒட்டிய விழிப்புணர்வு விளம்பரத்தில் ஓர் ஆணும் ஒரு சிகரெட்டும்தான் இருக்கிறார்கள்.

30 வயது கடந்தவர்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை வாயைப் பரிசோதிக்க வேண்டும் என்று 2016-லேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் நேரத்தில் நாங்கள் வயலில் நிற்கிறோம். டவுன் பஸ் இலவசம்தான், சரி. ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்?

ஆகவே பரிசோதனை எங்களைத் தேடி வர வேண்டும். நூறு நாள் வேலை நடக்கும் இடம், நடவு முடிந்து கரையேறும் மாலை நேரம், எது தோதுப்படுமோ அங்கே ஒரு பல் மருத்துவரை டார்ச் லைட்டோடு அனுப்புங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், குரல் கம்மல், விழுங்கச் சிரமம் என்றால் அங்கேயே சீட்டு எழுதி, எந்த நாள் எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். எல்லா ஊருக்கும் மருத்துவர் வர முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். திருவனந்தபுரம் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே வாயைப் பார்த்துச் சொன்னார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-ல் அந்த ஆய்வு வெளியானது. பிரஷரும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கு வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் ஊரில் அந்த எல்லைக்குள்ளேயே பாக்கெட் கிடைக்கிறது. ஒருமுறை நேரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சம்பா நடவு தொடங்குவதற்குள் முதல் முகாமுக்குத் தேதி குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆட்களைத் திரட்டுவது எங்கள் பொறுப்பு. யார் யார் புகையிலை போடுகிறார்கள், எந்தப் பக்கம் அடக்குகிறார்கள் என்பதுவரை எங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நடவு வேலை செய்யும் பெண்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் இணைப்பில்)