மண்டப 48 வோல்ட் டிசி மின் திருப்பணி: நிறைவு அறிக்கை

தலைக்கட்டுதாரர் அனைவருக்கும் கமிட்டியின் வணக்கம்.

கோயில் மண்டப மின்வேலை முடிந்து ஒரு கொடைத் திருவிழாவையும் பார்த்துவிட்டது. நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் ஊர் முழுக்க கரண்ட் போனபோதும் மண்டபத்தில் பன்னிரண்டு விசிறியும் ஓடின. அன்றைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை. மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள். அதனால் எழுத்திலேயே தருகிறோம்.

"ஊரெல்லாம் ஏசி, நமக்கு மட்டும் எதுக்கு டிசி?" ஏசி என்றால் இங்கே குளிர்சாதனம் அல்ல, திசை மாறி மாறி ஓடும் ஈபி கரண்ட். டிசி ஒரே திசையில் ஓடும் கரண்ட். சோலார் பேனல் தருவது டிசி, பேட்டரியில் நிற்பது டிசி. எல்இடி விளக்கும் பிஎல்டிசி என்ற கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் விசிறியும் உள்ளுக்குள் ஓடுவதும் டிசியில்தான். நடுவில் இன்வெர்ட்டர் வைத்து ஏசியாக்கி, விசிறிக்குள் போய்த் திரும்பவும் டிசியாக்கினால் இரண்டு இடத்தில் கரண்ட் வீண். பழைய விசிறி 75 வாட் இழுத்தது, இது 28. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் வீடுகளுக்கு என்று முன்வைத்ததும் இதே 48 வோல்ட்தான். ஐஎஸ் 16711 என்று 2017இல் இந்தியத் தரநிலையே வந்துவிட்டது. கமிட்டி கனவு கண்டு சொன்ன வேலையல்ல.

இனி கேபிள் விவகாரம். பேட்டரி அறை மடப்பள்ளியை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து மண்டப போர்டுக்கு 60 மீட்டர். ஒப்பந்தக்காரர் வீட்டு வயரிங் பழக்கத்தில் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்துவிட்டார். மொத்த லோடு 400 வாட். 230 வோல்ட்டில் இதற்கு 2 ஆம்பியர்கூட வேண்டாம். 48 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல். போக வர 120 மீட்டர் செம்பில் ஏழு வோல்ட்டுக்கு மேல் கரைந்துவிட்டது. எல்லா விசிறியையும் போட்டு மீட்டர் வைத்தால் போர்டில் 41கூட நிற்கவில்லை. விசிறிகள் சோம்பிச் சுற்றின. "விசிறி மட்டம்" என்றார் அவர். அதே விசிறியைக் கழற்றிப் பேட்டரி அறையிலேயே மாட்டிக் காட்டினோம், பறந்தது. அப்புறம், "ராய்கர்லேருந்து புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல டிசியிலதான் கரண்ட் வருது, உங்க 60 மீட்டருக்கு என்ன வந்துச்சு?" என்றார். வருகிறது ஐயா, 800 கிலோவோல்ட்டில் வருகிறது. அதே வாட்டுக்கு வோல்ட் ஏற ஏற ஆம்பியர் குறையும், கம்பியில் சூடாகி வீணாவதும் குறையும். 1882இல் நியூயார்க்கில் எடிசன் 110 வோல்ட் டிசி கொடுத்தபோது சுமார் ஒரு மைலுக்கு மேல் போக முடியாமல் நின்றதும் இதனால்தான்.

வாக்குவாதம் மூன்று ஊர்க்கூட்டம் வரை போனது. கடைசியில் 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டோம், இறக்கம் இரண்டு வோல்ட்டுக்குள் அடங்கியது. கூலி அவர் பொறுப்பு, கேபிள் வித்தியாசம் 12,600 ரூபாய் நம் பொறுப்பு. மதிப்பீட்டைத் தாண்டிய தொகை இது ஒன்றுதான். கமிட்டி கமிஷன் அடித்தது என்று பேசியவர்கள் பில்லை வந்து பார்க்கலாம்.

பேனல் பக்கத்து எம்சிபியிலும், அதாவது கரண்ட் மிஞ்சினால் தானே விழும் சுவிட்சிலும், விட்டுக்கொடுக்கவில்லை. நான்கு பேனல் தொடரில் 160 வோல்ட் தாண்டும். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் பொறி தானே அணையும். டிசியில் அந்த மூச்சுவிடுதல் கிடையாது. டிசிக்கென்றே உள்ளதைத்தான் மாட்டச் சொன்னோம்.

விளக்கு, எர்த்திங், பெயின்ட் எல்லாம் முடிந்தது.

உபயம்: பேனல் நான்கும் மேலத்தெரு எண்ணெய்க்கடை அண்ணாச்சி குடும்பம். பேட்டரி இரண்டு துபாய்ப் பிள்ளைகள், ஒன்று கீழத்தெரு மகளிர் குழு, ஒன்று பெயர் சொல்ல விரும்பாதவர். விசிறி ஆறு வடக்குத்தெரு அண்ணன் தம்பிகள், மூன்று பெரிய டீச்சரம்மா, இரண்டு பால் சொசைட்டிக்காரர்கள், ஒன்று பம்பாயில் இருக்கும் மருமகப்பிள்ளை. கேபிள் வித்தியாசத்தில் பாதி பூசாரி ஐயா. தூண் விளக்குகள் இளைஞரணி. விசிறியில் பெயர் எழுதச் சொன்னவர்களுக்கு அடுத்த வாரம் எழுதப்படும்.

மைக் செட், சீரியல் லைட், கிரைண்டர் எதுவும் மண்டப போர்டில் சொருகக் கூடாது. அவற்றுக்கு மடப்பள்ளிப் பக்கம் பழைய ஈபி லைன் அப்படியே இருக்கிறது. மீறிச் சொருகிக் கெடுத்தால் செலவு அந்த வீட்டுத் தலைக்கட்டு வரியில் ஏறும்.