சிங்கப்பூர்ல இருக்கிற நம்ம ஊர்ச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை

எல்லாருக்கும் வணக்கம். வாரத்துல கிடைக்கிற ஒரே லீவை விட்டுட்டு தொழிலாளர் டார்மிட்டரிலேர்ந்து வந்திருக்கிற தம்பிங்களுக்கும், குடும்பத்தோட வந்திருக்கிற அண்ணன் அண்ணிகளுக்கும் நன்றி.

வழக்கமான விஷயத்தை முதல்ல சொல்லிடுறேன். நிர்வாகக் குழு ஏழு தடவை கூடுச்சு. புதுசா ஒன்பது பேரு சேர்ந்தாங்க, வேலை பர்மிட் முடிஞ்சு ரெண்டு பேரு ஊருக்குப் போயிட்டாங்க. பொங்கல் நல்லபடியா நடந்துச்சு. கணக்கைப் பொருளாளர் படிப்பாரு. நான் ஊர் வெள்ளாமைக்கு வந்துடுறேன், இந்த வருஷம் நாம ராத்திரி பகலா வாட்ஸ்அப்ல பேசினது அதைப் பத்திதான்.

2023 ஜூன் 12 வழக்கப்படி மேட்டூர் அணையைத் திறந்தாங்க, அணையில 103 அடி இருந்துச்சு, சரி இந்த வருஷம் தப்பிச்சுடலாம்னு நம்பி நம்ம ஊர்ல போர்வெல் இல்லாதவங்க கூட குறுவை, அதான் ஜூன்ல விதைக்கிற குறுகிய கால நெல்லு, போட்டாங்க. ஆனா நாம காவிரிக் கடைமடை, மேல உள்ளவங்களுக்குப் பாஞ்சு மிச்சம் வந்தாத்தான் நமக்கு. கர்நாடகாவுல மழை பொய்ச்சுப்போச்சு, அங்க உள்ள விவசாயியும் வறட்சியிலதான் இருந்தாங்க, அதையும் சொல்லணும், அங்கயும் வயித்துப்பாடுதானே. செப்டம்பர்ல வினாடிக்கு 5,000 கன அடி விடச் சொல்லி காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கர்நாடகாகிட்ட சொன்னதுக்கே பெங்களூர்ல பந்த் நடந்துச்சு. அக்டோபர் 10 மேட்டூரை மூடிட்டாங்க, அப்ப 30 அடி சொச்சம்தான் கிடந்துச்சு.

வயல் வெடிச்சு கிடக்கிறத போட்டோல எல்லாரும் பார்த்தோம். ஆனா நெல்லுக்கு எப்ப தண்ணி இல்லைங்கறதுதான் பெரிய விஷயம். நாத்துல கொஞ்சம் காஞ்சா திரும்ப தேறிடும், பூக்குற நேரத்துல காஞ்சா அவ்வளவுதான், கதிர் நிமிர்ந்து நிக்கும், உருவிப் பார்த்தா மணி இருக்காது, பதர். எங்க சித்தப்பா ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குறுவை போட்டிருந்தாரு. வீடியோ கால்ல ஒரு கதிரைக் கசக்கி ஊதிக் காட்டினாரு, உள்ளங்கையில ஒண்ணுமே நிக்கல. "வைக்கோலுக்காச்சும் ஆகட்டும்னு அறுக்குறேன் தம்பி"ன்னாரு. நான் அப்ப எம்ஆர்டி ரயில்ல வேலைக்குப் போயிட்டிருந்தேன், என்ன சொல்றதுன்னு தெரியல.

தப்பிச்சவங்க எப்படித் தப்பிச்சாங்கன்னு ஊர்ல கேட்டு எழுதி வச்சிருக்கேன். தேங்கவிடாம காய்ச்சலும் பாய்ச்சலுமா முறை வச்சுப் பாய்ச்சினவங்களுக்கு இருந்த தண்ணியே கூடுதலா ரெண்டு வாரம் வந்துச்சு. சிலர் பொட்டாஷ் உரத்தை ஒரு சதவீதக் கரைசலா இலையில அடிச்சாங்க, சிலர் வேளாண் பல்கலைக்கழகத்தோட பிபிஎஃப்எம்ங்கற நுண்ணுயிர்த் திரவம் அடிச்சாங்க, ரெண்டும் பயிர் வாடுறதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தண்ணிக்குப் பதிலா ஆகாது. மத்தபடி குட்டையிலேர்ந்து டீசல் இன்ஜின் வச்சு இறைச்சவங்கதான் அறுத்தாங்க.

இங்கதான் நாம தப்பு பண்ணிட்டோம். செப்டம்பர் முதல் வாரமே டீசலுக்குக் காசு கேட்டு ஊர்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. கோயில் நிதியிலேர்ந்து எடுக்கலாமா கூடாதான்னு நாம மூணு கூட்டம் பேசினோம், பேசி முடிச்சு 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினப்ப மேட்டூரையே மூடியாச்சு. போன்லேயே இங்க உள்ள பேநவ்லேர்ந்து இந்தியாவோட யூபிஐக்குப் பணம் அனுப்புற வசதி 2023 பிப்ரவரியிலேயே வந்துடுச்சு, ஒரு நிமிஷ வேலை. லேட்டானது நம்மாலதான். செயலாளரா அந்தக் கூட்டத்தை ஒரே நாள்ல நான் முடிச்சிருக்கணும், அது எனக்கு இன்னும் உறுத்துது.

அரசாங்கம் கருகின குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் அறிவிச்சுச்சு, ஏக்கருக்குப் பார்த்தா 5,400 சொச்சம். 2023ல குறுவைக்கு இன்சூரன்ஸ் இல்லாததால அதைவிட்டா வேற கிடையாது. நம்ம ஊர்ல குத்தகைக்கு உழுறவங்க அடங்கல்ல, அதான் விஏஓ எழுதுற பயிர்க் கணக்குல, பேரு இல்லாம அலைஞ்சாங்க, அவங்களுக்குத்தான் நம்ம காசு கடைசியில போச்சு.

இனி விலை. ஜூலை 20 இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்துச்சு, ஆகஸ்ட் 25 புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி போட்டுச்சு. சிங்கப்பூருக்குன்னு பிறகு 50,000 டன் அனுமதிச்சாங்க. 2022ல இங்க வந்த அரிசியில சுமாரா 40 சதவீதம் இந்தியாலேர்ந்துதான், அதனால இங்க லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா கடையில பொன்னி மூட்டை விலையைப் பார்த்துட்டு "ஊர்ல நம்மாளுங்களுக்கு நல்ல காசு போல"ன்னு நம்ம உறுப்பினர்களே சிலர் கேட்டாங்க. இல்லைங்க. இங்க ஏறினது வரியும் தட்டுப்பாடும், அங்க களத்துல வந்து சேராது. 2023-24ல அரசு கொள்முதல் நிலையத்துல சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2,310 ரூபாய், பொது ரகம் 2,265, ஊக்கத்தொகை சேர்த்து. அதுக்கும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். வியாபாரி காலையில ஒரு விலை சொல்வாரு, மேகம் கருத்தா சாயங்காலம் குறைப்பாரு. விளைஞ்சது பாதி, வித்தது அவசரத்துல.

குறுவைக்கு அடுத்த போகமான சம்பாவும் நிம்மதியா போகல. ஜனவரி முதல் பாதியில கொட்டின மழையில சாஞ்சது கொஞ்சம், பிறகு தண்ணியே இல்லாம நின்னது கொஞ்சம், பிப்ரவரி 3 மேட்டூர்லேர்ந்து ரெண்டு டிஎம்சி (இருநூறு கோடி கன அடி) தண்ணி விட்டதுல லேட்டா நட்டவங்க பிழைச்சாங்க. தண்ணி இல்லாம காஞ்ச ஊர்ல அறுவடை நேரத்துல நெல்லு நனையுதுன்னா அந்தக் கொடுமையை என்னன்னு சொல்ல. ஜனவரியில நாம வாங்கிக்குடுத்த இருபது தார்ப்பாய் இந்த வருஷம் உருப்படியா செஞ்ச வேலை, இது நேரத்துக்குப் போச்சு, களத்துல மூடி வச்சுக் காய வச்சு நல்ல விலைக்கே போட்டாங்க.

குழு கொண்டுவர்ற தீர்மானம் ஒண்ணே ஒண்ணு. குறுவை முன்பணம்னு தனியா 4,000 வெள்ளி ஒதுக்கணும், வட்டி கிடையாது, அறுத்தபிறகு முடிஞ்சவங்க திருப்பலாம். டீசலுக்குக் கேட்டா தலைவர், பொருளாளர், செயலாளர் மூணு பேருல ரெண்டு பேரு சரின்னா அன்னைக்கே அனுப்பணும், கூட்டம் வேண்டாம். குத்தகைக்காரங்களுக்கு முதல்ல. வெளியாள்கிட்ட வசூல் பண்ணக்கூடாது, வெளிநாட்டு உதவிக்கு இங்க பொதுவுல நிதி திரட்டணும்னா பர்மிட் வேணும், அதனால உறுப்பினருக்குள்ள மட்டும். கோயில் நிதியைத் தொடல, பெரியவங்க கவலைப்பட வேண்டாம்.

மேட்டூர் மட்டத்தை தினமும் காலையில வாட்ஸ்அப் குரூப்ல போடுற, துவாஸ் பக்கம் இருக்கிற தம்பிக்கு சங்கத்தோட நன்றி, இந்த வருஷமும் போடுப்பா. பணம் மே மாசக் கடைசிக்குள்ள பொருளாளர்கிட்ட வந்து சேரணும். ஜூன்ல விதை விடுறப்ப கையில இருக்கணும்.

இப்படிக்கு,
செயலாளர்