சில்லறை சிகரெட்டும் கண்ணில் படாத எச்சரிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிகரெட், பீடி பாக்கெட்டுகளின் இருபுறமும் 85 விழுக்காடு பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் முழு பாக்கெட்டாக வாங்குபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரித்த பாக்கெட்டிலிருந்து கடைக்காரர் ஒன்றை உருவிக் கொடுக்க, வாங்கியவர் கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் படமோ, அதனுடன் அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா உதவி எண்ணோ அவர் கண்ணில் படுவதே இல்லை. பாக்கெட் வாங்க வழியில்லாத பள்ளி மாணவன்கூட ஒற்றைச் சிகரெட்டுக்கான காசைத் தேற்றிவிடுவான்.

என் அண்ணன் நாற்பது ஆண்டுகள் பீடி குடித்தவர். சிகரெட்டைவிட அது கெடுதல் குறைந்தது என்று கடைசிவரை நம்பினார். உண்மையில் பீடியிலை காற்றை எளிதில் உள்ளே விடாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகவே உள்ளே போகின்றன. மூச்சுக்குழல்கள் சுருங்கி, காற்றறைகள் சிதையும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அவருக்கு வந்தது. சிதைந்த காற்றறைகள் மீண்டும் வளர்வதில்லை. கடைசி இரண்டு ஆண்டுகள் அவரால் படுத்து உறங்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றி, உதட்டைக் குவித்து மூச்சை ஊதி ஊதி வெளியேற்றியபடியே விடியும்வரை இருப்பார். சட்டைப் பொத்தான்களை மாட்டி முடிப்பதற்குள் இரண்டு முறை இளைப்பாறுவார். புகையிலை என்றாலே புற்றுநோய் என்று பேசிப் பழகிவிட்ட நாம், மூச்சு இப்படிச் சிறுகச் சிறுகப் பறிபோவதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்வதேயில்லை. புகைப்பதை நிறுத்திய ஓராண்டுக்குள் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பதையும் அண்ணனுக்கு உரிய காலத்தில் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

மகாராஷ்டிர அரசு 2020 செப்டம்பரில் சிகரெட், பீடி இரண்டையும் சில்லறையாக விற்பதற்குத் தடை விதித்தது. தமிழக அரசும் அத்தகைய ஆணையைப் பிறப்பிக்க வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாக வேண்டுகிறேன். கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வரையறுத்துள்ள எல்லைக்குள் இருக்கும் கடைகளிலிருந்தே அதிகாரிகள் ஆய்வைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மதுரை.